ஊமை கண்ட கனாவும் பேசும் பொறியும்

மக்களை மாக்களினின்று பிரித்துக் காட்டுவது பேச்சே என்று நம் ஆன்றோரும் மேனாட்டறிஞரும் ஒருங்கே கூறிவந்துள்ளனர். கூற்று அழகியதே. ஆயினும் அதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பேசுகிறவன் மனிதன் என்றால், பேச இயலாதவன் யார்? இக்கேள்விக்கு விடை கூறாமலேயே அவனைத் திண்ணையின் ஒரு மூலையில் அமர்த்தினோம். 'ஊமை' என்று ஒரு பெயரிட்டு, பெற்றோர் இட்ட பெயரை அதனால் மறைத்தோம்.

'ஊமை கண்ட கனாப் போல' என்பது நம்மவர் நாவில் நாடோறும் வழங்கும் பழமொழி. அப்பழமொழியை உற்று நோக்குக. ஊமைக்குக் கனா இல்லை என்று அது கூறவில்லை. கனா உண்டு, அதனை எடுத்துரைக்க வழிதான் இல்லை என்றே கூறுகின்றது. நாமோ பழமொழியை வைத்துக்கொண்டு அதன் பொருளைத் தொலைத்தோம். வாய் பேசாதவனுக்கு மனமும் இல்லை என்று முடிவு கட்டினோம். அம்முடிவுக்குத் துணையாக முற்பிறப்பின் வினை என்றும், குலதெய்வத்தின் குறை என்றும் கதைகள் படைத்துக்கொண்டோம்.

அந்தக் கனாவை வெளியிட ஒரு வழி வேண்டும் என்று உலகம் தேடிய தேட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் தமிழர் அதனை அறிந்துகொள்வது நலம். ஏனெனில், அச்சரித்திரம் இன்று நம் லயத்து வாசலுக்கே வந்து நிற்கின்றது.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். காது கேளாமையால் பேச்சுக் கைவராதவர் ஒரு சாரார். அவர்க்குக் கைம்மொழி என்னும் முழு மொழி உண்டு. அது வேறு சரித்திரம். ஈண்டு நாம் கூறப்புகுவது, காது நன்கு கேட்டும் வாய்வழி சொல்லைக் கொணர இயலாதவர் பற்றியதாகும். பிறக்கும்போதே மூளை தாக்குண்டு கைகால்களும் நாவும் வசப்படாத பிள்ளைகள், பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியோர், நரம்பு நோயால் குரல் இழந்தோர், ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் பலர், இவர்களெல்லாம் இத்தொகுதியில் அடங்குவர்.

பேச்சு என்பது வாயில் தானே விளையும் மாயமன்று. உந்தியினின்று எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் மூக்கும் தொழிற்பட எழுத்தாகப் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டிய ஒன்றை உறுப்பு உறுப்பாகச் சேர்த்தும் காட்டலாம் அன்றோ? நம்மவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்தனரேயன்றிப் பொறி செய்தாரல்லர்.

செய்தவருள் முன்னவர் வொல்ஃப்காங் வான் கெம்பலன் என்பார். இவர் 1734ஆம் ஆண்டில், இக்காலம் பிராத்திஸ்லாவா எனப்படும் நகரிற் பிறந்தவர். 1769ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியை இருபதாண்டுகளுக்கு மேல் விடாது நடத்தி, 1791ஆம் ஆண்டில் மனிதப் பேச்சின் இயக்கத்தையும் தம் பேசும் பொறியையும் விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். நுரையீரலுக்கு ஒரு துருத்தி, குரல்வளைக்கு ஒரு நாணல், மூக்குக்கு இரண்டு சிறு துளைகள் என அமைத்த அவர், வாய்க்கு இட்ட பொருள் யாது தெரியுமா? ரப்பர்! 1896ஆம் ஆண்டில் டான் சே யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்த் தோட்டம் போடுவதற்கு நூறாண்டு முன்னரே, எங்கோ ஒரு காட்டு மரத்தின் பால் ஐரோப்பாவில் ஒரு பொறிக்கு வாயாக அமைந்திருந்தது. அவ்வாயைக் கையால் அழுத்தியும் திறந்தும் சில சொற்களைச் சிறு பிள்ளையின் குரலில் ஒலிப்பித்தார் அவர்.

இதே கெம்பலன் வேறொரு பொறியும் செய்தார். துருக்கியன் உருவில் அமைந்து சதுரங்கம் ஆடிய பொம்மை அது. அரசர்களும் அறிஞர்களும் அதனோடு ஆடித் தோற்றனர். பொம்மையின் பெட்டிக்குள் ஆட்டம் வல்ல ஓர் ஆள் ஒளிந்திருந்தமை பின்னரே உலகறிய வெளிப்பட்டது. ஆடியது பொம்மையன்று, உள்ளிருந்த ஆள். வாசகர் இச்சதுரங்கப் பொம்மையை நினைவில் இருத்துக. கட்டுரையின் முடிவில் அதனை மீண்டும் சந்திப்போம்.

கெம்பலனுக்குப் பின் வந்த பேசும் பொறிகள் பெரும்பாலும் வேடிக்கைப் பொருள்களாகவே இருந்தன. 1846ஆம் ஆண்டில் லண்டனில் யோசேப் ஃபேபர் என்பார் பியானோவைப் போன்ற கட்டைகளால் இயங்கும் 'யூஃபோனியா' என்னும் பேசும் பொறியைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். 1939ஆம் ஆண்டில் நியூயார்க் உலகக் கண்காட்சியில், பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஹோமர் டட்லியின் 'வோடர்' என்னும் மின்சாரப் பொறி பேசிற்று. அதனை இயக்க ஓராண்டளவு பயிற்சி பெற்ற இளம்பெண்கள் வேண்டியிருந்தனர். பொறி பேசக் கண்டு கூட்டம் வியந்தது. ஆனால் கட்டைகளை அழுத்திய விரல்கள் யாருடையவை? நன்றாகப் பேசத் தெரிந்தவருடையவை. பேச இயலாதவன் பொறியின் அருகிலும் வந்தானில்லை. பசித்தவன் வெளியே நிற்க, உண்டவர்க்கே பந்தி நடந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், கைகால் அசையாத நோயாளர் ஒரு மணியடித்து ஆளழைப்பதற்கும் வழியின்றிக் கிடத்தலை ரெக் மாலிங் என்பார் கண்டார். அவர் 1960ஆம் ஆண்டையொட்டி அமைத்த கருவியில், ஒரு குழாயை வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் விளக்கேற்றலாம், மணியடிக்கலாம், தட்டச்சும் செய்யலாம். மூச்சு ஒன்றே எஞ்சியவனுக்கு அம்மூச்சே எழுதுகோலாயிற்று.

1971ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் ஷர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியையும் அவர் தோழரும், பேச இயலாத பிள்ளைகளுக்குப் படக்குறிகள் கொண்ட பலகைகளைக் கொடுத்தனர். அக்குறிகளைச் சார்லஸ் பிளிஸ் என்பார், நாடுகள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசையால் முன்னரே வகுத்திருந்தார். உலகத்துக்கென்று செய்த மொழியை உலகம் கொள்ளவில்லை. பேச்சற்ற பிள்ளைகள் கொண்டனர். 1973ஆம் ஆண்டில் டோபி சர்ச்சில் என்னும் ஆங்கிலேய எஞ்சினியர், நோயால் தம் பேச்சை இழந்தபின், தமக்காகவே 'லைட்ரைட்டர்' என்னும் கருவியைச் செய்தார். தட்டச்சிடும் சொல் எதிரிலிருப்பவர்க்கு ஒளியெழுத்தாகத் தெரியும். பின்னாளில் அக்கருவி குரலும் பெற்றது. பேச்சிழந்தவனே பொறி செய்வோனாக ஆனது இச்சரித்திரத்தில் மறக்கலாகாத செய்தி.

அடுத்து வருவது டென்னிஸ் கிளாட் என்பாரின் கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில், எழுத்தைக் குரலாக மாற்றும் கணக்கு முறைகளை வகுத்தவர் அவர். தம் குரலையே அளந்து அதனைக் கணினிக்குக் கொடுத்தார். விதியின் விளையாட்டென்று சிலர் சொல்லக்கூடும். நாம் நோயின் செயல் என்போம். கழுத்துப் புற்று நோயால் கிளாட்டின் குரல் தேய்ந்தது. 1988ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் அமைத்த குரலோ வேறொருவரிடம் உயிரோடிருந்தது.

அவ்வேறொருவர் ஸ்டீவன் ஹாக்கிங். நரம்பு நோய் உண்டென்று 1963ஆம் ஆண்டில் அறியப்பெற்ற இவ்விஞ்ஞானி, 1985ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நிமோனியாக் காய்ச்சல் கண்டு, உயிர் காக்கக் கழுத்தில் துளையிட்டமையால் பேச்சை அடியோடு இழந்தார். சிலகாலம் பிறர் ஓர் அட்டையில் எழுத்தைக் காட்டிவர, வேண்டிய எழுத்து வந்தபோது புருவத்தை உயர்த்தியே சொற்களைக் கூட்டினார். பின்னர் வால்ட் வோல்டோஸ் என்பார் அனுப்பிய கணினித் திட்டமும், கிளாட்டின் ஆராய்ச்சியில் பிறந்த குரற்பொறியும் அவர்க்கு வாய்த்தன. 1988ஆம் ஆண்டில் காலத்தைப் பற்றிய அவருடைய நூல் உலகெங்கும் பரவிற்று. நோய் முற்றிய இறுதி ஆண்டுகளில் கன்னத்துத் தசையின் சிறு அசைவொன்றால், நிமிடத்துக்கு ஓரிரு சொல்லென்னும் அளவிற்கூட அவர் பேசினார். மேம்பட்ட புதுக் குரல்கள் கிடைத்த பின்னும் பழைய குரலை மாற்ற மறுத்தார்; அதுவே தம் குரல் என்றார். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் மறையும் வரை அக்குரலே அவர் குரல்.

ஈண்டு ஒன்று எண்ணத்தக்கது. ஓர் ஆங்கிலேயரின் குரல் அமெரிக்க உச்சரிப்போடு ஒலித்தது. ஆங்கிலம் பேசும் அவர்க்கே பிறிதோர் ஊரின் குரல்தான் கிட்டிற்றென்றால், தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பிள்ளையின் நிலை யாது?

இதற்கு விடை தேட இந்தியாவை நோக்குவோம். 1972ஆம் ஆண்டில் மித்து அலூர் அம்மையார் பம்பாயில், மூளை தாக்குண்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கமும் பள்ளியும் நிறுவினார். அவர் மகள் மாலினி சிப் அத்தகைய பிள்ளையே. ஒரு சிறு விரலால் தட்டச்சிட்டுக் கற்று, லண்டனில் உயர் பட்டங்கள் பெற்று, லைட்ரைட்டர் வழியே பேசி, 2010ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையைத் தாமே நூலாக்கினார். அதன் பெயரும் 'ஒரு சிறு விரல்' என்னும் பொருள் தருவதே. இவருடைய பொறி பேசியதும் ஆங்கிலம்தான்.

சென்னையில் 1985ஆம் ஆண்டில் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்று வழங்குகின்றது. அங்குள்ள பிள்ளைகளின் தேவையைக் கண்ட அஜித் நாராயணன் என்னும் இளம் எஞ்சினியர், தம் குழுவினரோடு 'ஆவாஸ்' என்னும் கருவியை ஆக்கினார். இந்துஸ்தானியில் ஆவாஸ் என்றால் குரல். படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும். சொற்கள் கூடி வாக்கியமாகும். மேனாட்டுக் கருவிகளின் விலை எட்டாத குடும்பங்களுக்கு அது ஒரு வாயிலாயிற்று. பின்னர் அது பலகைக் கணினியில் இயங்கும் திட்டமாக மாறித் தமிழ் முதலாய மொழிகளையும் ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியை ஹேமா மூர்த்தியும் பிற கலாசாலையினரும் சேர்ந்து, இந்திய மொழிகளின் எழுத்தைக் குரலாக்கும் திட்டங்களை உருவாக்கினர். இன்று ஒரு சாதாரணக் கைப்பேசியும் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படிக்கின்றது.

ஆயினும் தமிழுக்கு ஒரு பொறியை அமைப்பது ஆங்கிலப் பலகையில் தமிழ்ச் சொல்லை ஒட்டுவதன்று. 'அண்ணன்', 'தம்பி', 'அடி' என்னும் மூன்று படங்களை ஒரு பிள்ளை தொடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடித்தவன் யார்? அடிபட்டவன் யார்? ஆங்கிலத்தில் சொற்கள் நிற்கும் வரிசையே அதனைக் கூறிவிடும். தமிழிலோ 'ஐ' என்னும் ஓர் உருபு வேண்டும். அவ்வுருபு பலகையில் இல்லையேல், அடிபட்ட பிள்ளையின் முறையீடு அடித்தவன் முறையீடாகவும் கொள்ளப்படும். இலக்கணம் புலவர்க்கு மட்டும் உரியது என்பார் இதனைச் சிந்திப்பாராக. மேலும், பொறி 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று மேடையேறிப் பேசுகின்றது. லயத்துப் பிள்ளையோ 'தண்ணி வேணும்' என்று கேட்டு வளர்ந்தவன். சந்தையைப் 'பசார்' என்பவன். வீட்டுத் தமிழ் தெரியாத பொறி வீட்டில் அந்நியனே.

நம் நாட்டு நிலையைக் காண்போம். கருத்தைத் தெரிவிக்கப் பேச்சுக்கு மாற்றாகவும் துணையாகவும் அமையும் முறைகளையும் 'தொடர்பு' என்றே கொள்ள வேண்டும் என்று, 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை வரையறுத்தது. மலேசியா 2010ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது. 2008ஆம் ஆண்டிலேயே உடற்குறையுடையோர்க்கென்று ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. சமூகநல இலாகா வழங்கும் ஓ.கே.யு. அட்டையில், காது கேட்டும் பேச இயலாதவர்க்குத் தனிப் பிரிவு உண்டு. 1984ஆம் ஆண்டில் திரங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம் நாடெங்கும் பரவியுள்ளது. ஆகவே சட்டம் உண்டு, அட்டை உண்டு, நிலையமும் உண்டு. ஆனால் அட்டை வாங்கியதோடு கடமை முடிந்ததென்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடைப் பல. பணம் முடிந்து காவடி எடுப்பதற்குச் செய்யும் செலவில் பாதியைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்லச் செய்தோமா?

இவ்விடத்தில் எழுதுவோனும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. அடியேன் தோட்டத்துக் கிராணி. கிராணியின் தொழில் நெடுங்காலமாகப் பிறர்க்காகப் பேசுவது. தொழிலாளி ஒன்று சொல்ல, கிராணி துரையிடம் வேறொன்று சொல்லிய கதைகளை நம் பாட்டன்மார் அறிவர். சில ஆண்டுகட்கு முன், செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய், தன் மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். ஒரு பாரத்தை நிரப்ப வேண்டும். கேள்விகளையெல்லாம் அவன் தலைக்கு மேலாகத் தாயிடமே கேட்டேன். படிப்பு என்னும் இடத்தில் எவரையும் கேளாமலே 'இல்லை' என்று எழுதினேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈராண்டு கழித்து வேறொரு பாரத்துக்காக அவர்கள் மீண்டும் வந்தனர். இதற்கிடையில் அவன் தங்கை ஒரு பழைய கைப்பேசியில் தமிழ் எழுத்தும் குரலும் அமைத்துக் கொடுத்திருந்தாள். பழைய பாரத்தை நான் உரக்கப் படித்தேன். 'படிப்பு, இல்லை' என்றதும் அவன் கை அசைந்தது. விரல் முட்டியால் ஒவ்வோரெழுத்தாகத் தொட்டான். மூன்று நான்கு நிமிடம் சென்றிருக்கும். கைப்பேசி பேசிற்று: "பள்ளிக்குப் போனேன். மூணு வருஷம்."

தாய் தலையசைத்தாள். சிறு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் விட்டாளாம். பிள்ளை கனத்தபின், வேலையும் இருக்கவே, தூக்கிச் செல்ல ஆளில்லாமல் நின்றுபோயிற்றாம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே, கிராணியாரே" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. அதுவே என்னைச் சுட்டது. ஒருவன் வாழ்வில் பெற்ற மூன்றாண்டுக் கல்வியை என் பேனா ஒரு சொல்லால் அழித்திருந்தது. அவன் முதன்முதல் என்னிடம் பேசியது சோறு கேட்டன்று, தண்ணீர் கேட்டன்று. என் கணக்கைத் திருத்தினான்.

வாசகர் கெம்பலனின் சதுரங்கப் பொம்மையை மறந்திரார். பேசாதவன் முன்னிருக்க, அவனுக்காகப் பேசிய நான் பெட்டிக்குள் ஒளிந்த ஆளன்றி வேறு யார்? இக்குற்றம் அடியேனுக்கு மட்டும் உரியதன்று. 1990ஆம் ஆண்டுகளில் மேனாடுகளில் ஒரு முறை பரவிற்று. பேச இயலாதவர் கையைத் துணைவர் பிடித்துக்கொள்ள, தட்டச்சில் அழகிய வாக்கியங்கள் வெளிவந்தன. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். பின்னர் முறையாகச் சோதித்தபோது, அச்சொற்கள் துணைவருடையனவே என்பது தெரிந்தது. துணைவர் அறிந்து ஏமாற்றவில்லை. அன்பே அவர் கையை நடத்திற்று. அன்பும் ஒருவன் சொல்லைத் திருடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆதலின் பொறி பேசுகிறது என்று மகிழ்வதோடு நில்லாது, பொறியினுள் இருப்பவன் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டல் வேண்டும்.

பலகையில் என்ன சொற்கள் உள்ளன என்பதும் அதே கேள்விதான். 'சோறு', 'தண்ணீர்', 'கழிவறை' என்னும் மூன்றை மட்டும் வைத்துக் கொடுத்தால், அவன் கேட்டு வாங்கும் இரவலனாகவே இருப்பான். 'வேண்டா' என்னும் சொல் வேண்டும். 'தவறு', 'ஏன்', 'பொறு', 'இன்னும் முடிக்கவில்லை' என்னும் சொற்கள் வேண்டும். தன்னைத் துன்புறுத்தியவன் பெயரைச் சொல்ல வழி வேண்டும். மறுக்கத் தெரியாதவன் வாழ்வில் எவரும் எதையும் செய்யலாம்; அதைச் சொல்லுதற்கும் அவனுக்கு வாயில்லை.

பொறி வாங்கப் பணமில்லையே என்று சிலர் கேட்கலாம். நம் எழுத்தின் அமைப்பே அதற்கு விடை தருகின்றது. தமிழெழுத்து 247 என்று அஞ்ச வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 கட்டங்கள் ஓர் அட்டையில் எழுதினால் போதும். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய் பிறக்கும். விரலாலோ கண்ணாலோ காட்டட்டும். ஒரு மரப்பலகையும் ஒரு பேனாவும் உள்ள வீட்டில் எந்தக் கம்பெனிப் பொறியும் வருமுன்னரே பேச்சுத் தொடங்கலாம். எழுத்தறியாப் பிள்ளைக்குப் படங்கள் வரைந்து கொடுக்கலாம். பொறி கிடைக்கும்போது அவன் அதற்கு ஆயத்தமாயிருப்பான். பொறி கொடுத்தால் பிள்ளை வாய்பேச முயல மாட்டான் என்று சிலர் அஞ்சுவர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்துக்கு இடந்தரவில்லை.

இதற்கு மேல் நாம் செய்ய வேண்டியது ஒன்றே. அதற்குக் காசும் வேண்டா. காத்திருத்தல். அவன் ஓரெழுத்தைத் தொட்டதும் மீதியை நாமே ஊகித்து முடித்துவிடாதிருத்தல். அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மலாக்காப் பட்டணத்திலும் நம் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களும் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும், பேச இயலாத ஒருவரைப் பற்றிப் பேசாது, அவரிடமே பேசி, விடை வரும்வரை அவையோர் அமைதியாக அமர்ந்திருந்தார்கள் என்னும் செய்தியை இவ்வேடு வெளியிடும் நாள் வருக.

அந்த இளைஞனின் பாரத்தைத் திருத்தி எழுதினேன். படிப்பு என்னும் இடத்தில் இப்போது 'மூன்றாண்டு' என்றிருக்கின்றது. எழுதி முடித்து அதனை அவனிடம் காட்டினேன். அவன் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிட்டேன்.